ஜோதிக்குச் சம்பளம் கேட்கப் போன கதை

பிறரிடம் காசு கேட்கும்போது வாக்கியத்தின் கடைசி வார்த்தையில் மிகுந்த கவனம் வேண்டும். நான் கவனிக்கவில்லை.

சின்னக் கடைக்காரர்கள் தமிழில் பில் போட ஒரு இலவச மென்பொருள் செய்திருந்தோம். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். செய்தவர்கள் எல்லாரும் சம்பளமில்லாத ஆர்வலர்கள். (நான் போடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், என் பங்களிப்பு பெரும்பாலும் ஆர்வம் மட்டுமே.) பாதிக்கு மேல் எழுதியவள் பக்கத்து மலைக்கிராமம் குரங்கணியைச் சேர்ந்த ஜோதி. அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அவள் போனால் மென்பொருள் அநாதை. அவளுக்கே சம்பளம் கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்து, உள்ளூர்க்காரன் என்பதால் நிதி கேட்க என்னை அனுப்பினார்கள்.

போனது ஏலக்காய் வியாபாரி சுப்பையா அண்ணன் வீட்டுக்கு. விளக்கம் கேட்டால் சொல்லட்டும் என்று ஜோதியைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். வாசலில் ஏலக்காய் சலிக்கும் மெஷின் இரைந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்:

"அண்ணே, ஜோதி இதுவரைக்கும் சும்மாதான் செஞ்சுச்சு. இனிமே நீங்கதான் மாசாமாசம் காசு குடுத்து..."

கரண்ட் போனது. மெஷின் நின்றது. என் வாய் நிற்கவில்லை.

"...வச்சுக்கணும்!"

உள்ளேயிருந்து அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி காபியோடு வந்தார். காபி எனக்கில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"யாருய்யா அந்த ஜோதி? எம்புட்டு நாளா நடக்குது?"

"ரொம்ப நாளா மதினி. சனி, ஞாயிறு மட்டும்." (உண்மைதானே? எங்களுக்கு அன்றுதான் லீவு.) நிலைமையைச் சரிசெய்ய மேலும் சொன்னேன்: "அண்ணனுக்கு மட்டுமில்ல, போடில பாதிக் கடைக்காரங்களுக்கு ஜோதிதான்."

அண்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

சட்டைப்பை பேசியது. "அண்ணே, நீங்க வாய மூடுங்க! மதினி, நான்தான் ஜோதி. உங்க கடையில பில்லு போடுற சாப்ட்வேர எழுதுறவ."

மதினி என் நெஞ்சைப் பார்த்துக் கேட்டார். "தமிழ்ல பில்லு வருமே, அதுவா? எழுத்து சிறுசா இருக்குன்னு நான் எத்தனை தடவ அதுல எழுதிப் போட்டேன்!"

"பேச்சியம்மாள்னு எழுதுறது நீங்களா? பெருசாக்கிட்டேன் மதினி. அப்டேட் பண்ணிப் பாருங்க."

மதினி முகம் மலர்ந்துவிட்டது. "இம்புட்டையும் சும்மாவா செஞ்ச? கூலியில்லாம யாரும் ஏலக்கா பறிக்க மாட்டாக!" அண்ணன் பக்கம் திரும்பினார். "நாம குடுக்குறோம். மத்த கடைக்காரகள்ட்டயும் நான் பேசுறேன்."

அண்ணன் வேகமாகத் தலையாட்டினார். அந்த நேரத்தில் சொத்தையே கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது; காபியும் வந்தது.

ஜோதி பெங்களூர் போகவில்லை. குரங்கணியிலிருந்தே முழுநேரமாக எழுதுகிறாள். துணைக்கு இன்னொருவருக்கும் சம்பளம் கொடுக்கிறோம். மதினிதான் நிதிப் பொறுப்பாளர். எந்தப் புதுக் கடைக்குப் போனாலும் முதலில் இந்தக் கதையைச் சொல்வார். சிரித்து முடித்ததும் காசு கேட்பார். தவறாமல் என்னையும் கூட்டிப் போகிறார். பேசுவதற்கல்ல, "அந்த ஆளு இவருதான்" என்று காட்டுவதற்கு.