ஒளியை முந்திய துகள்ஞானி

அந்த மாதம் வெள்ளவத்தையில் தோசைக்குக்கூட அவ்வளவு வரிசை நிற்கவில்லை. கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு கல்யாண மண்டபத்தில், துகள்ஞானி நித்தியரூபன் எழுந்தருளியிருந்தார். கோட்டு, டை, அதற்கு மேலே மூன்று குறி விபூதி. விஞ்ஞானமும் ஆச்சு, மெய்ஞ்ஞானமும் ஆச்சு.

அவருடைய சரக்கு இதுதான். நியூட்ரினோ என்றொரு துகள் உண்டாம். அது ஒளியை முந்தி ஓடுமாம். ஒளியை முந்தினால் புறப்பட முன்னரே வந்து சேருமாம். அதனால் நாளைய செய்தியை இன்றே கொண்டு வந்து கொடுக்குமாம். யாரிடம்? வேறு யாரிடம், ஞானியிடம்தான். 2011இல் வெளிநாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பத்திரிகைத் துண்டைப் பிரேம் போட்டு மாட்டியிருந்தார். கருவியில் ஒரு கேபிள் சரியாகப் பூட்டப்படவில்லை, துகள் ஒளியை முந்தவேயில்லை என்று அதே விஞ்ஞானிகள் அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்ட துண்டுக்கு மட்டும் பிரேம் கிடைக்கவில்லை போலும்.

சுபோதினிக்குப் பித்தப்பையில் கல். வியாழக்கிழமை காலை ஒப்பரேஷன். பயத்தில் அவள் ஞானியிடம் டோக்கன் எடுத்துப் போனாள்.

"வியாழக்கிழமைச் செய்தி வந்திட்டுது பிள்ளை," என்றார் ஞானி. "நல்லா இல்லை. கத்தி வைக்க விடாதேங்கோ. நாப்பது நாள் துகள் சிகிச்சைக்கு வாங்கோ, கல்லு தானாக் கரையும்."

இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொன்னது அதற்குப் பிறகு அவள் காதில் ஏறவில்லை. டொக்டர் பாவம், வெறும் ஸ்கேனைப் பார்த்துத்தானே சொன்னார்.

செவ்வாய் மத்தியானம் வேலை செய்யும் கந்தோரில் றலியாவிடம் சொன்னாள். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து மேசைக்காரி, மாளிகாவத்தை ஃப்ளெட்டில் குடியிருப்பவள்.

"ஒப்பரேஷனை நிப்பாட்டப் போறன், றலியா."

"ஏன், டொக்டர் வேணாண்டு செல்லினாரா?"

"ஞானி சொன்னவர். நீங்கள் நம்பமாட்டியள். கிரிக்கெட் மெச் நடக்கேக்க, பந்து போட முதலே ஆறு, நாலு, அவுட் எண்டு சொல்லுறார். என்ர கண்ணால பாத்தனான்."

றலியா சோற்றுப் பார்சலை அவிழ்ப்பதை நிறுத்தினாள். "எங்க நடந்த மெச்?"

"கெத்தாராமை கிரவுண்டில. இங்க பெரிய ஸ்கிரீன்ல, லைவ்வாப் போட்டவை."

"இண்டைக்கும் அங்க மெச் ஈக்கிதே. நானும் வாறன்."

மாலை மண்டபத்தில் நிற்க இடமில்லை. இன்டர்நெட்டில் இழுத்த ஆட்டம் திரையில் ஓடியது. மூலையில் சிவப்பு எழுத்தில் 'லைவ்'. அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? ஞானியின் காதில் ஒரு கறுப்புக் குமிழ், அதன் வயரில் உருத்திராட்சம் கோத்திருந்தது. அதற்குப் பெயர் துகள்வாங்கி. கண்ணை மூடியபடி "அடுத்தது நாலு" என்றார். நாலு போனது. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

றலியா எழுந்தாள். "ஞானி ஒரு ஓவருக்கு ரெஸ்ட் எடுக்கட்டும். நான் செல்றன்."

சபை சிரித்தது. வீட்டில் இருந்த கணவன் ஸவாஹிருக்கு அவள் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, "போனை பல்கனிக்கு வெளிய நீட்டிக்கிட்டு நில்லுங்க," என்றாள். சற்று நேரத்தில் போனுக்குள் பெரிய ஆரவாரம் எழுந்தது. "நாலோ ஆறோ ஒண்டு வரும்," என்றாள். திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்கினார். ஆறு. இன்னும் இரண்டு பந்து கழித்து, போனில் 'ஆ...' என்றொரு பெருமூச்சு, பிறகு அமைதி. "எங்கட ஆள் அவுட்." அரை நிமிடம் கழித்துத் திரையில் விக்கெட் சரிந்தது.

ஞானி சமாளித்தார். "இந்தத் தங்கச்சிக்கும் துகள் இறங்கியிருக்கு."

"எனக்கு மட்டுமில்ல, எங்கட ஃப்ளெட் முழுக்க எறங்கிது. கிரவுண்ட் பக்கத்துல ஈக்கிது. சத்தம் ஒடனே வரும், ஒங்கட ஸ்கிரீன் சுத்திக்கிட்டுப் பிந்தி வருது. அந்தக் குமிழக் கழட்டிட்டு ஒரு பந்து செல்லுங்க பாப்பம்."

"துகள் காது வழியாத்தான் வரும்."

சுபோதினி எப்போது மேடையேறினாள் என்று அவளுக்கே தெரியாது. வியாழக்கிழமை பந்தயத்தில் இருப்பது அவளுடைய உயிரல்லவா? குமிழை இழுத்தெடுத்துத் தன் காதில் வைத்தாள். கேட்டதைக் கேட்டபடி உரக்கச் சொன்னாள்.

"பொஸ், ஒரு ஓட்டம்... பொஸ், கொஞ்சம் பொறுங்கோ, கடலைக்காரன் வாறான்."

கிரவுண்டில் உட்கார்ந்து போனில் சொல்லிக்கொண்டிருந்த ஞானியின் ஆள்தான் அந்தத் துகள். ஞானி கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின் கதவால் போனார். அந்த வேகத்தை ஒளியும் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கும். சுபோதினிக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு அழுகை, கடைசியில் அடக்க முடியாத சிரிப்பு. சிரித்தால் பித்தப்பை வலித்தது.

முன் வரிசையில் இருந்த சிவபாதசுந்தரம், ஓய்வுபெற்ற கணக்காளர், றலியாவின் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, என்ர கனடா விசா வருமோ எண்டு உங்கட துகளிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுபோதினி ஒரு சின்னப் போத்தலை ஆட்டிக் காட்டினாள். உள்ளே ஒன்பது கல். ஒளியைத் துகள் முந்துமா முந்தாதா என்பதைப் படித்தவர்கள் சோதித்துப் பார்க்கட்டும்; பிழை என்றால் பிழை என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமில்லை. நீங்கள் ஒன்று செய்யுங்கள். நாளையைச் சொல்ல யாராவது வந்தால், கையைக் கூப்ப முன் அவர் காதைப் பாருங்கள். அதற்கும் முன், உங்கள் தலைக்குள் ஒன்று இருக்கிறதே, அதையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.