கிள்ளிப் பழகிய கை

பேச்சு முடிந்த பிறகுதான் கிரைன் தன் கையைப் பார்த்தார். இரண்டு கை நிறையச் சிவப்பு டுலிப் பூக்கள். வேலிக்கு அந்தப் பக்கம், வீட்ஸ்கேயின் தோட்டத்தில், வெறும் தண்டுகள் விறைத்து நின்றன.

"ஐயையோ!" என்றார் கிரைன்.

பக்கத்து வீட்டு அம்மாள் வீட்ஸ்கே இவ்வளவு நேரமும் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்குக் காபி குடிக்க வாங்க, கிரைன்" என்று சொல்லி அப்போதுதான் உள்ளே போயிருந்தார். பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக் கிரைன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கிரைனையும் குற்றம் சொல்ல முடியாது. பிரேசாண்ட் பக்கம் டுலிப் வயலிலேயே காலம் கழித்தவர். பூ மலர்ந்ததும் தலையைக் கிள்ளிப் போட வேண்டும், அப்போதுதான் சத்தெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்குப் போகும். வயல்காரர் விற்பது கிழங்கைத்தான், பூவை அல்ல. ஓய்வு பெற்று அல்க்மார் நகரத்துக்குக் குடிவந்த விஷயத்தை அவர் கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்தக் காபிக்காகக் குளிர்காலம் முழுக்க வேலியோரம் நின்று மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார் மனிதர். மனைவி இறந்த பிறகு தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. "நாம ரெண்டு பேரும் ஏன் ஒரே மேஜையில சாப்பிடக் கூடாது?" என்று நாளைக்குக் கேட்டுவிடுவதாக இருந்தார். பூவைக் கொன்றவனுக்கு யார் சோறு போடுவார்கள்?

மத்தியானம் வீட்ஸ்கே சைக்கிளில் பாட்டுக்குழுவுக்குக் கிளம்பியதும் கிரைன் வேலி தாண்டினார். பல்குத்தும் குச்சிகளைச் செருகி ஒவ்வொரு தலையையும் தண்டில் பொருத்தினார். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் வெயில் வந்தது. வெயிலைக் கண்டால் டுலிப் வாயைப் பிளக்கும். பிளந்த வாய்க்குள் கடற்காற்று புகுந்தது. பூக்கள் தெருவில் உருண்டன. ஒன்றைக் கவ்விய எதிர்வீட்டு நாய், வாயில் குச்சி குத்தி, கத்தி ஊரைக் கூட்டியது.

கிரைன் கடைக்கு ஓடி ஒரு சிவப்பு டுலிப் கட்டு எடுத்தார். வரிசை நீளமாக இருந்தது. அவர் முறை வந்தபோது கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, பூ எங்கே?"

"இதோ இருக்கே."

"இது வெறும் தண்டு. எடுக்கும்போது தலை இருந்துச்சா?"

கிரைன் கீழே பார்த்தார். காலடியில் தலைகள் கிடந்தன. "இருந்த மாதிரிதாம்மா ஞாபகம்."

சிவப்பில் அதுதான் கடைசிக் கட்டு. மஞ்சள்தான் மிச்சம். கையை நம்ப முடியாமல் ஒரு ஜோடி அடுப்புக் கையுறையும் வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டார்.

வீட்ஸ்கேயின் தோட்டத்தில் மொட்டைத் தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கும் சேர்ந்து வந்தது. உறை போட்ட கைக்குப் பதம் தெரியவில்லை. இந்தப் பருவத்தில் கிழங்கைப் பிடுங்குவது மகாபாவம். கிரைனுக்கு அழுகையே வந்துவிட்டது. கிழங்குகளைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, மஞ்சள் பூக்களை வரிசையாக மண்ணில் குத்திவிட்டு வந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு டை கட்டி, கையுறையோடு போய் மணியடித்தார். வீட்ஸ்கே கதவைத் திறந்ததும் முதலில் தோட்டத்தைத்தான் பார்த்தார்.

"நேத்து சிவப்பா இருந்துச்சே?"

"வெயில் ஜாஸ்தி. வெளுத்திருக்கும்."

"கையில என்ன?"

"சூடு பட்டுருச்சு."

வீட்ஸ்கே அவரை உற்றுப் பார்த்தார். "கிரைன், நெஜமாச் சொல்லுங்க. நீங்க என் பூவை ஒண்ணும் பண்ணலையா?"

"நானா? பூன்னா எனக்கு உசுருங்க! அதைப் போய்க் கிள்றவன் ஒரு மனுஷனா? அவன் கை வெளங்குமா?"

வீட்ஸ்கேயின் முகம் சுருங்கிப்போனது. "எனக்குத் தலை வலிக்குது, கிரைன். காபியை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

கிரைன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தபால்காரப் பெண் யோரீன் சைக்கிளை நிறுத்தினாள்.

"என்ன பெரியவரே, காபி அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"பூவைக் கிள்ளினது நான்தான்னு கண்டுபிடிச்சுட்டாங்க போலம்மா. எல்லாம் போச்சு."

"கண்டுபிடிக்கிறதாவது! நீங்க கிள்ளக் கிள்ளப் பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தாங்க. 'நானும் டுலிப் வயல்ல வளர்ந்தவதான். துணைக்கு வயல்ல பழகின ஆள் வேணும்னு வேலியோரமா வருஷா வருஷம் நட்டு வைக்கிறேன், வந்த ஆம்பளைங்க எல்லாம் அழகா இருக்கு அழகா இருக்குன்னு பார்த்துட்டே போயிட்டாங்க, கிள்ளினது இவர் ஒருத்தர்தான்'னு நேத்து என் கையைப் பிடிச்சுட்டு சந்தோஷத்துல அழுதாங்களே!"