கேபிள் கேட்கப்போய்ப் பொன்னாடை போர்த்திய கதை

பொன்னாடை போர்த்தினால் போர்த்தியவனுக்கும் மரியாதை, போர்த்தப்பட்டவருக்கும் மரியாதை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஒரே பொன்னாடையால் இரண்டு பேரின் மரியாதையையும் ஒரே நிமிடத்தில் கெடுத்த மனிதன் லண்டனில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எப்படியும் என் மனைவி பவானி உங்களுக்குச் சொல்லத்தான் போகிறாள். முந்திக்கொண்டு நானே சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம்.

ஆறேழு வருடத்துக்கு முந்திய சங்கதி. குட்மேய்ஸ் பக்கம் கவுன்சில் என்கிற நகரசபையின் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் நான், பவானி, மகள் துளசி, பவானியின் அப்பா நான்கு பேரும் இருந்தோம் (துளசியைத் தவிர மற்றவர்கள் இப்போதும் அங்கேதான்). மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் இருந்த பலமும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது என்பது என் தாழ்மையான கருத்து.

அவர் கோயிலுக்குப் போக முடியாததால் கோயில் அவரிடம் வந்தது. பல்கனியில் பூட்டியிருந்த டிஷ் வழியாக ஒரு தமிழ்ச் சனல் தெரியும். அதில் தினமும் காலையில் பூசை காட்டுவார்கள். தீபாராதனை பார்க்காமல் மாமாவின் வாயில் தண்ணீர் படாது. தண்ணீர் படாவிட்டால் குளிசை இல்லை. குளிசை இல்லாவிட்டால் பிரஷர் ஏறும். சுருக்கமாகச் சொன்னால், மாமாவின் உயிர் அந்தத் தகரத் தட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. வெளிச் சுவர் திருத்தப் போகிறோம், டிஷ் எல்லாம் கழற்றப்படும், பிறகு திரும்பப் பூட்டவும் விடமாட்டோம் என்று.

துளசி, "அம்மப்பா, நான் போனில போட்டுத் தாறன்," என்று இன்ரநெற்றில் பூசையைக் காட்டினாள். எங்கள் கட்டடத்து இன்ரநெற் சும்மாவே முக்கி முனகித்தான் வரும். ஐயர் தீபத்தை உயர்த்திய இடத்திலேயே படம் நின்றுவிட்டது. மாமா கும்பிட்ட கையை இறக்கவில்லை. கால் மணித்தியாலம் கழிந்தது.

"எப்பவடி பிள்ளை ஐயர் கையை இறக்குவார்? எனக்குத் தோள்மூட்டு நோகுது."

நல்ல காலமாக ஒரு கம்பனி, கட்டடத்தின் உள்ளே எல்லா வீட்டுக்கும் கேபிள் இழுத்துத் தருகிறோம் என்று கேட்டிருந்தது. தமிழ்ச் சனலும் அதில் இருந்தது. கட்டடம் கவுன்சிலுடையது என்பதால் கவுன்சில் கமிட்டி அனுமதி கொடுக்க வேண்டும். கூட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

"நான்தான் பேசுறன்," என்றேன்.

எனக்கு அப்படி ஒன்றும் படிப்புக் கிடையாது. பத்தாம் வகுப்புக் கணிதம் என்னை இரண்டு முறை தோற்கடித்தது. ஆனால் கோயில் திருவிழாவில் பத்து வருடமாக மைக் என் கையில்தான். 'வெள்ளை நிறக் கார் ஒன்று வழியை மறித்து நிற்கிறது, உரியவர் உடனடியாக அகற்றவும்' என்று நான் சொன்னால் சுவாமியே வாகனத்தைத் தள்ளி நிறுத்துவார் என்று சனம் பகிடி பண்ணும். அதைப் பாராட்டு என்று நம்பியவன் நான்.

கூட்டத்தன்று பின்னேரம் பவானி என் பையைத் திறந்து பார்த்தாள்.

"இதென்ன?"

"பொன்னாடை. தலைவருக்கு."

"உங்களுக்கு விசரே அப்பா? அது கவுன்சில் கூட்டம். கோயில் பொதுக்கூட்டம் இல்லை."

"கூட்டம் எண்டாக் கூட்டம்தான். தலைவர் எண்டாத் தலைவர்தான். ஒரு பெரிய மனுசனிட்டை வெறுங்கையோட போய்க் கேக்கிறதே?"

அறைக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "அவர் சொல்லுறது சரி பிள்ளை. மாலையும் ஒண்டு வாங்கச் சொல்லு."

(திருமணமாகிய பிறகு மாமா என் பக்கம் நின்ற முதல் நாள் அது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

பொன்னாடையை அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீற்றில் வாங்கினேன். சிவப்பில் சரிகைக் கரை. மலிவுப் பெட்டிக்குள் கிடந்தது. ஒரு மூலையில் கரை கொஞ்சம் பிரிந்திருந்தது. போர்த்தும்போது அந்த மூலையை உள்பக்கம் விடலாம் என்று கடைக்காரரே வழி சொல்லித் தந்தார்.

கமிட்டியில் ஏழு பேர். துளசி எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். மூன்று பேர் எங்கள் பக்கம். சுவரைத் துளைத்தால் கட்டடம் பழுதாகும் என்று மூன்று பேர் எதிர்ப்பு. அந்த மூவரில் ஒருவர் துணைத் தலைவி. தலைவர் எங்கள் கட்டடத்துக்கு நேரில் வந்து, வயதானவர்களுக்கு இது அவசியம் என்று சொல்லிவிட்டுப் போனவர். ஆக, அவருடைய ஒரு வோட்டில்தான் எங்கள் கேபிள். 'முருகா, அந்த மனுசனுக்கு ஒரு தும்மலும் வரக் கூடாது' என்று வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

முதலில் குப்பைத்தொட்டி விடயம் வந்தது. வாரம் ஒரு முறை எடுப்பதா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா? வாரம் ஒரு முறை என்று முடிவானதும் நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. வாசிகசாலை நேரம் முடிவானது. அதற்கும் தட்டினேன். பவானி என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு சின்ன விளக்கு. பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்க வேண்டும், சிவப்பு என்றால் நேரம் முடிந்தது. பச்சை எரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் முறைப்படி, அவையை விளிக்கத் தொடங்கினேன்.

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே என்றேன். ஆங்கிலத்தில்தான். துணைத் தலைவி அவர்களே. பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து மீதி ஐந்து பேரையும், ஒருவர் பின் ஒருவராக. ஒரு பெயர் வாயில் நுழையவில்லை, மூன்று தரம் முயன்றேன். பின்னால் இருந்த சட்ட அதிகாரி அம்மா. குறிப்பு எழுதுகிறவர். கமராக்காரர். குப்பை விடயம் இப்போதுதான் முடிந்தது என்பதால், இங்கே வராத குப்பை லொறிச் சாரதிமார். என் அருமைப் பெரியோர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே என்று சுற்றி முடித்து, "இன்றைய தினம்" என்று வாயைத் திறந்தேன்.

சிவப்பு.

கேபிள் என்ற சொல்லை நான் இன்னும் சொல்லவேயில்லை.

சரி, சொல்லில் விட்டதைச் செயலில் பிடிப்போம் என்று பையைத் திறந்தேன். யாரும் தடுக்குமுன் மேடையில் ஏறிவிட்டேன். தலைவர் உட்கார்ந்திருந்தபோதே என் உயரம். மரியாதைக்காக எழுந்தும் விட்டார். நான் எட்டி, குதித்து, ஒரு தோளில் போர்த்தினேன். மற்றத் தோளுக்குப் போன நுனி மைக்கில் மாட்டி, மைக் குனிந்து, மண்டபம் முழுக்க ஒரு கீச்சொலி. எப்படியோ போர்த்தி முடித்து, பிரிந்த மூலையை உள்பக்கம் விட்டு, கைகூப்பினேன். அந்த நல்ல மனிதரும் கைகூப்பினார். எல்லோரும் சிரித்தார்கள். வென்றுவிட்டேன் என்று பவானியைப் பார்த்தேன். அவள் கைப்பையால் முகத்தை மூடியிருந்தாள்.

சட்ட அதிகாரி அம்மா எழுந்தார். மெல்லிய குரல்.

"இதை நீங்கள் தலைவருக்குப் பரிசாகக் கொடுக்கிறீர்களா?"

"ஓம், முழு மனதோட."

"இந்த விடயத்தில் அவர் முடிவெடுப்பதற்கு முன்னால்?"

"பின்ன? முடிவுக்குப் பிறகு போர்த்தி என்ன பிரயோசனம்?"

மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மா பேனாவை எடுத்தார்.

"இதன் பெறுமதி என்ன?"

ஒரு நிமிடம் மலிவுப் பெட்டி கண்முன் வந்தது. ஒரு பெரிய மனிதரின் தோளில் கிடப்பதை மலிவு என்று எந்தத் தமிழன் வாயால் சொல்வான்? நெஞ்சில் கைவைத்து, "விலைமதிப்பற்றது, அம்மா," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்ததைத் துளசிதான் எனக்கு விளக்கப்படுத்தினாள். முடிவெடுக்கிறவர் பரிசு வாங்கக் கூடாது. திருப்பிக் கொடுக்கலாம்தான், ஆனால் எல்லாம் கமராவில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. பெறுமதியோ நான் சொன்ன பெறுமதி. ஆகவே இந்த விடயம் முடியும்வரை தலைவர் வெளியே போவதுதான் ஒழுங்கு. அவர் எழுந்தார். பொன்னாடையைக் கழற்றினால் எனக்கு மனம் நோகும் என்று நினைத்தாரோ என்னவோ, கழற்றவில்லை. சிவப்புச் சரிகையோடு மாப்பிள்ளை போல மண்டபத்தைவிட்டு நடந்தார். எங்கள் ஒரு வோட்டு கதவைச் சாத்திக்கொண்டு போனது.

மூன்றுக்கு மூன்று. தலைவரின் இடத்துக்கு வந்த துணைத் தலைவி நினைத்திருந்தால், சமநிலையை முடிக்கும் மேலதிக வோட்டால் அந்த இடத்திலேயே வெட்டியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறேன் என்றார். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. டிஷ் கழற்றுவது வருகிற திங்கள்.

பஸ்சில் பவானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது தரிப்பில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். "முடிவுக்குப் பிறகு போர்த்தி என்ன பிரயோசனமோ!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த கறுப்பினப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டில் மாமா கேட்டார். "தலைவர் என்ன சொன்னவர்?"

நான் தலையைக் குனிந்தேன். பவானி சொன்னாள். "மரியாதை தாங்கேலாமல் வெளியால போயிட்டார், அப்பா."

பத்து நாளில் பொன்னாடை தபாலில் திரும்பி வந்தது. ஏற்க முடியாததற்கு வருத்தம், அன்புக்கு நன்றி என்று இரண்டு வரி. பிரிந்திருந்த கரையை யாரோ சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நான் கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னமே திங்கட்கிழமை வந்து, டிஷ் போய்விட்டது. செவ்வாய்க் காலை மாமா கறுத்துக் கிடந்த ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. குளிசை கிண்ணத்தில் அப்படியே கிடந்தது. பவானி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

நான் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, மணியும் கற்பூரத் தட்டுமாக வந்து ரீவிக்கு முன்னால் நின்றேன். தேவாரம் பாடினேன். புகை அலாரமும் சேர்ந்து பாடியது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லும். ரீவியை மறைக்கிறீர்," என்றார் மாமா. (ரீவி நிறுத்தியே கிடந்தது.) தீபத்தைக் காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். தண்ணீர் கேட்டார்.

இப்படியே மூன்று மாதம். பேக்கரி வேலைக்குப் போகுமுன் விடிய எழும்பி, ஒரு நாளும் தவறாமல். விமர்சனமும் தவறாமல் வந்தது. "நேற்று நல்லாப் பாடினீர். இண்டைக்குத் தொண்டையில சளி." அடுத்த கூட்டத்துக்கு என்னை விடவில்லை. பவானி போனாள், ஒரு நிமிடம்தான் பேசினாள், தலைவரின் வோட்டோடு கேபிள் வந்தது.

முதல் நாள் காலை படம் கண்ணாடி போலத் தெரிந்தது. ஐயரின் வியர்வைகூடத் தெரிந்தது. முருகா, என் கடன் தீர்ந்தது என்று போய்ப் படுத்தேன். பவானி வந்து தட்டினாள்.

"எழும்புங்கோ. அப்பா தண்ணி குடிக்கிறார் இல்லை."

"பூசை போகுதெல்லோ?"

"போய் முடிஞ்சுது."

கூடத்துக்கு ஓடினேன். மாமா ரீவியைக் காட்டினார். "இந்த ஐயர் வடிவாத்தான் செய்யிறார், தம்பி. ஆனா அவருக்கு நான் இருக்கிறது தெரியாது. நீர் ஒருக்காச் செய்யும்."

அன்றைக்குத் தொடங்கியது, இன்றைக்கும் நிற்கவில்லை. அவ்வளவு அவமானப்பட்டு வாங்கிய கேபிளில் மாமா ஸ்னூக்கர் பார்க்கிறார். வேறு ஊரில் படிக்கும் துளசி காலையில் போன் எடுத்தால், "அம்மா, சனல் தொடங்கிட்டுதோ?" என்றுதான் கேட்பாள். சனல் என்பது நான்தான்.

தூக்கக் கலக்கத்தில் என் குரல் இறங்கிவிட்டால் மாமா ஒன்றும் சொல்வதில்லை. ரிமோட்டை எடுத்து என் பக்கம் நீட்டி அழுத்துவார். நானும் சத்தத்தைக் கூட்டுவேன். வேலை செய்யுது என்று அவர் திருப்தியோடு அதை மடியில் வைத்துக்கொண்டு கும்பிடுவார்.