கிரிம்ஷாவை மாடியிலிருந்து இறக்கிய விதம்

டெவன்,
12 அக்டோபர் 1958

அன்புத் தங்கை தெர்சாவுக்கு அண்ணன் அம்ப்ரோஸ் எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் ஏதோ இருக்கிறோம். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் உங்கள் ஆடுகளும் சுகமாக இருக்க வேண்டும்.

இத்துடன் ஒரு பத்திரம் இருக்கிறது. நம் வீட்டை விற்க உன் கையெழுத்தும் வேண்டுமாம். கோபப்படாமல் முழுவதும் படி. அந்தச் சுழல் படிக்கட்டில் இனி என்னால் ஏற முடியவில்லை. கடற்கரைப் பக்கம் மாடியில்லாத புது வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். சுவரெல்லாம் நேராக நிற்கிறது, பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

வாங்க வந்தவர் பர்மிங்ஹாம்காரர், கிரிம்ஷா என்று பெயர், மனைவியோடு வந்தார். ஆள் நம் வாசலைவிட அகலம். "குனிஞ்சு வாங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்த அம்மாள் சுவரைத் தட்டி, "இது என்ன, மண்ணா?" என்றாள். "மண்ணும் வைக்கோலும்தாம்மா. முந்நூறு வருஷமா நிக்குது." "கூரையில எலி இருக்குமோ?" "இருக்கும்மா. ஆனா ரொம்ப மரியாதையானதுங்க." இதற்குள் கிரிம்ஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோட்டுப் பித்தான் இரண்டு தெறிக்க, மாடி ஏறிவிட்டார். ஏறியவர் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. "இதுல நான் இறங்க மாட்டேன், ஆமா!" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் கெஞ்சினோம். கடைசியில், சத்தம் கேட்டுக் கணவனோடு வந்த பக்கத்து வீட்டு மேபல் சக், "அட, அந்தத் தரைப் பலகையைத் தூக்குங்க அம்ப்ரோஸ்" என்றாள்.

உனக்கு நினைவிருக்கும். படிக்கட்டில் சவப்பெட்டி திரும்பாது என்று மாடித் தரையில் விட்டிருந்த வழி அது. அப்பாவுக்காகத் திறந்ததுதான் கடைசி. உனக்குப் பதினொரு வயது. கீழே நின்றுகொண்டு, "மெதுவா இறக்குங்க, அப்பாவுக்குத் தலை சுத்தும்!" என்று கத்தினாய். தூக்கியவர்கள் நால்வரும் அழுதார்கள்.

கிரிம்ஷாவின் அக்குளில் கயிறு கட்டி, நானும் மேபலின் கணவனும் இறக்கினோம். பாதி வழியில், சமையலறை மேஜைக்கு மேலே கால்களை உதைத்துக்கொண்டு, "இந்த ஓட்டை எதுக்குய்யா வச்சாங்க?" என்றார். நான் பொய் சொல்லியிருக்கலாம்.

"சவப்பெட்டி இறக்கத்தாங்க."

"கடைசியா யாரை இறக்கினீங்க?"

"எங்கப்பாவை."

"அவரு ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லீங்க. உங்களை மாதிரி இப்படி ஆடவும் இல்ல."

மனிதர் அந்தரத்திலேயே சிரித்துவிட்டார். நல்லவர். தேநீர் குடித்துக்கொண்டே வீடு பிடித்திருக்கிறது என்றார். கூரை வைக்கோலைப் பிரித்துவிட்டு ஓடு போடுவாராம், உத்தரத்தை அறுப்பாராம், அந்த வழியை அடைப்பாராம். நானும் தலையாட்டிவிட்டேன். ஆகவே மறுக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்,
அம்ப்ரோஸ் யெல்லண்ட்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினேன், மழை பிடித்துக்கொண்டது. கூரை விளிம்புக்கடியில் சுவரோடு ஒட்டி நின்றேன். நாம் சண்டை போட்டால் அம்மா இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாளே, அதே இடம். முன்னால் தண்ணீர் திரைபோல விழுந்தது, என் மேல் ஒரு துளி இல்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து பத்திரத்தைக் கிழித்துப் போட்டேன், உறையில் தேடாதே. கட்டிலைக் கீழே போட்டுக்கொள்கிறேன். மறுபடி எழுதக் கை வலிக்கிறது. மேலே உள்ளதைப் படி, ஆனால் நம்பாதே. என் இடது பக்கம் ஓர் ஆள் நிற்க இன்னும் இடமிருக்கிறது, நனையாது.