பச்சை அலமாரிச் சாவி பற்றி அக்காள் எழுதுவது

கிழக்குத் தாம்பரம்,
20-7-1973.

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஞானஜோதிக்கு,

அக்காள் ரத்தினபாய் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற யாவரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பாளையங்கோட்டையில் சுகமாயிருக்க இரண்டு வேளையும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் குடும்பமாக எடுத்து அனுப்பிய போட்டோவைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். பேரன் ஜெபசீலன்கூட இப்போதெல்லாம் காலையிலும் சாயங்காலமும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம் நிற்கிறான். பெரியவர்கள்மேல் அத்தனை மரியாதை என்று வைத்துக்கொள். இன்னொன்று, இந்தக் கடிதத்தை நீயே படிக்கவும். கண்ணாடி தேடச் சோம்பல்பட்டுத் தபால்காரரையே நின்று வாசிக்கச் சொல்லுவாயே, இந்தத் தடவை அது கூடாது. விஷயம் அப்படிப்பட்டது.

முதலில் பிள்ளைகளைப் பற்றி. மூத்த பேத்தி செல்வமேரி டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பில் தேறிவிட்டாள். பரீட்சை நடந்த இடத்தில் மற்றப் பெண்கள் எல்லாம் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்து தங்கள் பரீட்சையைக் கோட்டைவிட்டார்களாம். அடுத்தவன் கிருபாகரன் வேத வசனம் ஒப்பிக்கும் போட்டியில் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் முழுவதையும் மூச்சுவிடாமல் சொல்லி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினான். கடைசியில் மயக்கம் வந்தது, ஆனால் டம்ளரை விடவில்லை. கடைக்குட்டி டெய்சி, பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழமும் கரண்டியும் ஓட்டத்தில் மூன்றாம் பரிசு. ஓடினதே மூன்று பேர்தான் என்று மருமகள் புஷ்பம் சொல்லுவாள். அவள் பேச்சை விடு, டீச்சர் உத்தியோகம் பார்க்கிறவள், யாருக்கும் முழு மார்க்கு போட்டுப் பழக்கமில்லை. இவர்கள் எல்லாரும் ஒரு பக்கம், நம் ஜெபசீலன் ஒரு பக்கம். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அவன் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை என்று உனக்குத் தெரியும். எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன். கிண்டி ஸ்டேஷனில் இறங்கி, இடது கைப்பக்கம் நடந்தால், தூங்குமூஞ்சி மரத்துக்கு எதிரே பச்சைக் கேட்டு, அவ்வளவுதான் சொல்லுவேன். அந்த ஆபீஸில் ஒரு பச்சை இரும்பு அலமாரி. வெளியே தெரியக்கூடாத காகிதங்களை எல்லாம் அதற்குள் பூட்டி வைப்பார்களாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போன மாதம் முப்பதாம் தேதி ரிடையராகிவிட்டார். உடனே மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை: அலமாரிக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாளராகப் போட வேண்டும், ஒரு காகிதம் வெளியே போனாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் ஆபீஸில் இருந்த எல்லாருக்கும் வியாதி வந்துவிட்டது. ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு, ஒருவருக்குக் கண்ணில் பூ. நம் சபையைச் சேர்ந்த லாசரஸ் அங்கேதான் ஹெட் கிளார்க், அவரும், "எனக்கு ஞாபகமறதி ஸார், போன வாரம் எங்க கல்யாண நாளையே மறந்து மூணு நாள் ஓட்டல்ல சாப்பிட்டேன்" என்றாராம். இப்படி எல்லாரும் கத்திக்கொண்டிருக்கையில் ஒரு மூலையில் ஒருவன் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆபீசர் தோத்தாத்ரி அவனைக் காட்டி, "இவ்வளவு கூச்சல்லேயும் பேசாம இருக்கான் பாருங்கோ, இவன்தான் சரி" என்று உத்தரவு எழுதிவிட்டார். நம் பிள்ளை நாலு வயசு வரை பேசவில்லையே என்று நாம் எத்தனை உபவாசம் இருந்தோம், ஞானஜோதி! ஆண்டவர் எதற்காக அவன் வாயை அடைத்து வைத்திருந்தார் என்பது இப்போதல்லவா விளங்குகிறது.

இதெல்லாம் லாசரஸ் பிற்பாடு சொன்னது. வீட்டில் ஜெபசீலன் மூச்சுவிடவில்லை. சனிக்கிழமை காலையில் அவன் சட்டையைச் சவுக்காரத்தில் ஊறப்போடப் போனேன், பையில் ஒரு காகிதம். எடுத்துப் பிரித்தேன். முன்னே எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். இப்போது தமிழிலே உத்தரவு போடுவதால் என் அஞ்சாம் வகுப்புக்கு எட்டுகிறது. தலைப்பில் "இரகசியம்" என்று சிவப்பு முத்திரை. கீழே, நம் பிள்ளையின் பெயர், இனிஷியலோடு. 9-7-73 திங்கட்கிழமை முற்பகல் பத்து மணிக்குப் பச்சை அலமாரியின் சாவியைப் பெற்றுக்கொண்டு பொறுப்பேற்க வேண்டியது. எனக்குக் கண்ணிலே தண்ணீர் வந்துவிட்டது. சட்டை ஒரு பக்கம் ஊறிக்கொண்டிருக்கிறது, நான் ஒரு பக்கம் ஊறிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு ஈ காக்கையிடம் சொல்லவில்லை. புஷ்பத்திடம்கூடச் சொல்லவில்லை. முத்திரைக்கு மரியாதை வேண்டாமா? ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

அதாவது மறுநாள் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் எழுதிப் போட்டேன். இன்ன நன்மைக்காக இன்னார் படைக்கிறார் என்று எழுதுவதுதானே வழக்கம். காரணம் எழுதாமல் போட்டால் ஆண்டவர் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வார்? நான் ஜாக்கிரதையாகக் கவரின் மேலே "இரகசியம்" என்று சிவப்புப் பென்சிலால் எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தேன். போதகர் வேதசிரோமணி ஐயா பார்த்து மனசுக்குள் படித்துக்கொள்ளுவார் என்று நினைத்தேன். அவருக்கோ போன ஈஸ்டருக்கு வாங்கிய மைக் செட் வந்ததிலிருந்து மனசுக்குள் படிக்கிற பழக்கமே போய்விட்டது. டெய்சியின் எலுமிச்சம்பழத்துக்கு நான் போட்டதை முதலில் வாசித்தார். அடுத்து இந்தக் கவரை எடுத்து, கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, வாசிக்கிறார்: "இரகசியம். ரத்தினபாய் அம்மாள் தன் பேரன் ஜெபசீலன் அரசாங்க இரகசியங்களைக் காக்கும் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டதற்காகவும், பச்சை அலமாரியின் சாவி நாளைக் காலை பத்து மணிக்கு அவன் கையில் வரப்போவதற்காகவும்." சபையார் எல்லாரும் "ஆமென்" என்றார்கள். கோயில் வாசலுக்கு மேலே கட்டியிருக்கும் ஸ்பீக்கர் குழாய் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து இருப்பதால் பஸ்ஸுக்கு நின்றவர்களும் கேட்டிருப்பார்கள். பாடகர் வரிசையில் நின்ற ஜெபசீலனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் அங்கியைவிட வெளுத்திருந்தது. ஆராதனை முடிந்ததும் லாசரஸ் ஓடிவந்து, "என்ன அக்கா, சர்க்கார் ரகசியத்த மைக்ல போட்டுட்டீங்களே!" என்றார். "ஆண்டவருக்கு நன்றி சொல்றதுல என்ன ரகசியம், லாசரஸ்?" என்றேன். "பொறுப்பாளர் யாருன்னு வெளியில தெரியக்கூடாதுங்கிறதுதான் அக்கா மொத ரூல்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பிள்ளைக்குச் சாவி கிடைக்கவில்லை, மெமோ கிடைத்தது. மூன்று நாளைக்குள் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டே எடுக்கும்படி எழுதப்படும் என்று. சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மீன் குழம்பு வைத்தேன், தொடவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை, அதுவும் இல்லை. புஷ்பம்தான் அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். "அவன் பேசாததுனால வேல கெடைச்சுது, நீங்க பேசினதுனால போகப்போகுது அத்தை" என்றாள். செவ்வாய்க்கிழமையும் அவன் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தனியாக மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்கினேன்.

பச்சைக் கேட்டில் ஒரு காவலாளி. "இன்னா ஆயா, யாரப் பாக்கணும்?" என்று ஒரு பெரிய நோட்டை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, என்ன விஷயமாக என்று கட்டம் கட்டமாக இருந்தது. பொய் எழுதலாமா? "இரகசியம் வெளிவந்த விஷயமாக" என்று எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஓ, அந்த மைக் செட் கேஸா! அந்த ஆயா நீதானா? நேரா போ, மூணாவது ரூம்பு. ரெண்டு நாளா அல்லாரும் அத்தத்தான் பேசிகினு கீறாங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்து வழி விட்டார். ஆபீஸில் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். என் பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

தோத்தாத்ரி நல்ல மனுஷர், நெற்றியில் பளிச்சென்று நாமம். என்னை உட்காரச் சொன்னார். "இதோ பாருங்கோம்மா, இது சாதாரண விஷயம் இல்லே. மேலிடத்துக்குத் தெரிஞ்சா என்னையும் கேப்பா. பொறுப்பாளர்னா பொறுப்பு இருக்க வேண்டாமா?" என்றார். அந்த வார்த்தை வந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. பொறுப்பைப் பற்றி எனக்கா தெரியாது? கோயில் அசன விருந்துப் பாத்திரங்களுக்கு மாதர் சங்கத்தில் பதினோரு வருஷம் நான்தானே பொறுப்பு. ஒரு கரண்டி குறைந்தாலும், கரண்டி எங்கே என்று கேட்கமாட்டோம், அன்றைக்குச் சாவி யாரிடம் என்றுதானே கேட்போம்! அதையே கேட்டேன்.

"ஐயா, பிள்ளைக்குப் பொறுப்பு எப்பலேருந்து?"

"சாவியை வாங்கிண்டதுலேருந்து."

"வாங்கிட்டானா?"

"இன்னும் குடுக்கலே."

"அப்ப ஞாயித்துக்கிழமை சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

அவர் மேஜை இழுப்பறையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கதவோரம் நின்ற லாசரஸும் பார்த்தார். பிறகு அவர் சமாளித்துக்கொண்டு, "அது சரிம்மா, ரகசிய உத்தரவை உங்க பேரன் சட்டைப் பையிலே வெச்சிருந்தானே, அது தப்பில்லையா?" என்றார். "வேற எங்க ஐயா வைப்பான்? ரகசியக் காகிதத்தை வைக்க வேண்டிய அலமாரி பூட்டிக் கெடக்கு. சாவி உங்க டிராயர்ல கெடக்கு. பாவம், பிள்ளைகிட்ட இருந்தது ஒரு சட்டைதான்" என்றேன்.

லாசரஸ் உடனே ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்து, அத்தனை ஞாபகமறதி உள்ள மனுஷர், எட்டாம் விதியைப் பார்க்காமலே ஒப்பித்தார்: பொறுப்பாளர் இல்லாத நாட்களில் பிரிவு அலுவலரே பொறுப்பாளர். ஆபீஸிலிருந்து முத்திரைக் காகிதம் வெளியே போனதற்கும், வெளியே போனது வீட்டுக்குப் போனதற்கும், வீட்டுக்குப் போனது கோயிலுக்குப் போனதற்கும் தோத்தாத்ரிதான் பொறுப்பு! மனுஷர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். என் கையாலேயே ஊற்றிக்கொடுத்தேன். பிறகு செல்வமேரி மாதிரி வேகமாக எழுத ஆரம்பித்தார். அன்று மத்தியானமே, தானே தனக்கு ஒரு மெமோ கொடுத்து, தானே அதற்கு விளக்கம் எழுதி, விளக்கம் திருப்திகரமாக இருப்பதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று தானே கையெழுத்துப் போட்டு, மூன்றுக்கும் சிவப்பு முத்திரை குத்திப் பச்சை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஜெபசீலன் கையில் கொடுத்துவிட்டார். முதல் தடவையாக அவன் பூட்டிக் காப்பாற்றுகிற சர்க்கார் இரகசியம் அதுதான்.

அதோடு முடியவில்லை, கேள். என்னையும் விடாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "மேற்படி அலமாரி, சாவி, பொறுப்பாளர், காகிதங்கள் ஆகியவை பற்றி யாரிடமும் வாயால் சொல்லவோ கடிதத்தில் எழுதவோ மாட்டேன்" என்று. முழுப் பெயர் எழுதி, பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு தேறியவள் என்றும் நானே சேர்த்தேன். ஆகவே நம் குடும்பத்தில் இப்போது இரகசியக் காப்புப் பொறுப்பில் இரண்டு பேர். புஷ்பத்துக்குக் கூடக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. அன்று சாயங்காலம் பிள்ளை மீன் குழம்பு மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டு எழுந்து, "ஆச்சி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதும்.

இனிமேல் சாவியை ஆபீஸில் வைக்கக்கூடாது, பொறுப்பாளர் தன்னோடு கொண்டுபோய் யாருக்கும் தெரியாத இடத்தில் வைக்க வேண்டும் என்று விதி. வீட்டில் ஒரு இடத்தில் வைக்கிறான். அந்த இடம் அவனுக்கும் ஆண்டவருக்கும் எனக்கும்தான் தெரியும். நீ கூடப் பிறந்தவளாகவே இருந்தாலும் எழுதமாட்டேன். கையெழுத்துப் போட்டவள் நான். இந்தக் கடிதத்தையும் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடு. போடுவதற்கு முன்னால் உன் நாத்தனாருக்கும், எதிர்வீட்டு ஞானப்பழத்துக்கும் மட்டும் ஒரு தடவை வாசித்துக் காட்டு. நம் பிள்ளை பெரிய உத்தியோகத்துக்கு வரமாட்டான் என்று சொன்னவர்கள் அவர்கள் இருவரும்தானே.

உன் வீட்டுக்காரருக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் வாசலையும் பூட்டையும் காப்பாராக.

உன் பிரியமுள்ள அக்காள்,
ரத்தினபாய்.

பி.கு.: ஒன்று மறந்துவிட்டேன். ஹாலில் இருக்கும் உங்கள் போட்டோவின் பின்பக்க அட்டையைக் கரையான் அரித்துவிட்டது. இப்போது கனம் தாங்கவில்லை. நேற்று மாதர் சங்கக் கூட்டம் நம் வீட்டில். பதினான்கு பேரும் கண்ணை மூடி முழங்காலில் இருக்கும்போது படத்துக்குப் பின்னாலிருந்து அது கிளிங் என்று கீழே விழுந்தது. எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். என்ன அது என்று கேட்டார்கள், நான் வாயே திறக்கவில்லை. "பச்சை அலமாரிச் சாவிதானே" என்று அவர்களே சொல்லிக்கொண்டு, அதற்காகவும் ஒரு தனி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். ஆகையால் நீங்கள் எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய், பெரிய சைஸில், தடித்த அட்டையில் ஒட்டிய புதுப் போட்டோ ஒன்று எடுத்துச் சீக்கிரம் தபாலில் அனுப்பவும்.