ராதோயின் நாவலும் அறுபது கிலோ குடமிளகாயும்

செப்டம்பர் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ராதோய் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். எழுத்தாளர் ஆகிவிடுவது.

இதில் இலக்கிய தாகம் கால்வாசி. மீதி முக்கால்வாசி குடமிளகாய்.

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் லோம் நகரத்தில் செப்டம்பர் பிறந்துவிட்டால் எந்த பால்கனியைப் பார்த்தாலும் புகைதான். நீள நீளமான சிவப்புக் குடமிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கி, சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு அரைத்து, அண்டாவில் கிண்டி, குளிர்காலத்துக்குத் தொக்கு போட்டு வைப்பார்கள். கிண்டுவது பெண்கள், சுடுவது ஆண்கள். சட்டத்தில் எழுதியிருந்தாலாவது வக்கீல் வைத்துத் தப்பிக்கலாம். இது வழக்கம்.

ராதோய் இதுவரை சமாளித்தே வந்திருந்தார். போன வருஷம் முதுகுவலி. அதற்கு முந்தின வருஷம் புகை கண்ணுக்கு ஆகாது. அதற்கும் முந்தின வருஷம் பெரியப்பா காலமாகிவிட்டார். காலமான பெரியப்பா அடுத்த ஈஸ்டருக்குச் சாயம் பூசிய முட்டைகளோடு வாசலில் வந்து நின்று மானத்தை வாங்கிவிட்டார் என்பது வேறு விஷயம். இந்த வருஷம் கைவசம் வியாதியும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. அறுபது கிலோ மூட்டை மாடிப்படிக்கடியில் வந்து இறங்கிவிட்டது.

"நெதெல்கா, நான் நாவல் எழுதப் போறேன்."

"எழுதேன். மிளகாயைச் சுட்டுட்டு எழுது."

"அதெல்லாம் முடியாது. கற்பனை வர்ற நேரத்துல கையில இடுக்கி இருக்கக் கூடாது. படிப்பகத்துல போட்டி வெச்சிருக்காங்க. நவம்பர் கடைசிக்குள்ள குடுக்கணும். ஜெயிச்சா புத்தகமா அச்சடிப்பாங்க. அட்டையில பேரு!"

ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் அவர் மார்பை நிமிர்த்தியிருந்தார். நெதெல்காவோ கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கதாநாயகன் யாரு?" என்று கேட்டாள்.

அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் நெதெல்கா சண்டை போடாமல் உட்கார்ந்த இடமெல்லாம் ராதோய் தோற்ற இடங்கள்.

ராதோய்க்கு எழுத்து அனுபவம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. துறைமுகத்தில், டான்யூப் ஆற்றின் நீர்மட்டத்தைத் தினமும் அளந்து எழுதுவதுதான் அவர் உத்தியோகம். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறார். ஆனால் எல்லாம் எண்கள். நெதெல்காவுக்குச் செருப்புக் கடையில் வேலை. வருகிறவரின் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே அவர் வீட்டில் யார் ராஜ்ஜியம் என்று சொல்லிவிடுவாள்.

ஒரே வாரத்தில் முதல் அத்தியாயம் தயார். கதாநாயகன் கேப்டன் வீஹ்ரென். ஆறடி நாலங்குலம். கன்னத்தில் வெட்டுத் தழும்பு. கப்பலிலிருந்து ஆற்றில் குதித்து, நீந்திக் கரையேறி, பதினோரு கடத்தல்காரர்களை அடித்து வீழ்த்தி, நேராக ஒரு கல்யாணத்துக்குப் போய் விடிய விடிய ஆடுகிறான்.

நெதெல்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள்.

"நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம்."

"கேளு, கேளு."

"ஆத்துல குதிச்சவன் ஷூவைக் கழட்டவே இல்லையே. ஆடறப்போ சளக் சளக்குன்னு சத்தம் வராது?"

"அது... பாட்டுச் சத்தத்துல கேக்காது."

"சரி. பதினோரு பேரோட கட்டிப் புரண்டிருக்கான். சட்டை பட்டன் பிஞ்சிருக்குமே, யாரு தெச்சுக் குடுத்தா?"

"அவன் தனியாள். கேப்டனெல்லாம் பட்டன் தைக்க மாட்டான்."

"அப்ப திறந்து போட்டுக்கிட்டுத்தான் ஆடறான். தொப்பை தெரியுமே."

"அவனுக்குத் தொப்பை கிடையாது!"

"எழுதினது நீ. எப்படிக் கிடையாது?"

ராதோய் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதே ராதோய். உன் ஆளு குதிக்கிறான், அடிக்கிறான், ஆடறான். எல்லாம் பண்றான். மூச்சுதான் விட மாட்டேங்கறான்."

சொல் நேராக நெஞ்சில் பாய்ந்தது. ஏனென்றால் போட்டி அறிவிப்பில் 'கதை மாந்தர் நம்பத்தகுந்தவர்களாக இருத்தல் அவசியம்' என்ற வரிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார். கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டவர் அவர்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

"கல்யாணம் பண்ணி வை."

"யாருக்கு?"

"கேப்டனுக்குத்தான். வீட்டுல எப்படி இருக்கான்னு தெரியாம எந்தப் பொம்பளை ஒரு ஆம்பளையை நம்புவா? காலையில பொண்டாட்டிக்குக் காபி போட்டுக் குடுக்கறான்னு எழுது."

ராதோய் உடனே எழுதினார்: 'கேப்டன் காபி போட்டான்.'

"எப்படிப் போட்டான்?" என்றாள் நெதெல்கா. "பொங்கறதுக்கு முன்னாடி நுரை எந்தப் பக்கமிருந்து ஏறும்? அடுப்பை எப்ப அணைச்சான்? உனக்குத் தெரியாதுன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு ஒரே ஒரு தடவை போட்டுப் பாரு. எனக்காக இல்ல. கதைக்காக."

முதல் நாள் காபி அடுப்பில் பொங்கியது. இரண்டாம் நாள் கையில் பொங்கியது. நான்காம் நாள் சரியாக வந்தது. அந்த அனுபவத்தை அரைப் பக்கம் எழுதிப் படித்தபோது ராதோய்க்கே உடம்பு சிலிர்த்தது. கேப்டன் முதன்முதலாக மூச்சு விட்டான்!

அதற்குப் பிறகு அவளாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுதான் இதில் வேதனை.

"நெதெல்கா, கேப்டன் குடமிளகாய் சுட்டா எப்படி இருக்கும்?"

"ஐயையோ வேண்டாம். உனக்கு முதுகுவலி."

"எனக்கில்லை. கேப்டனுக்கு."

"கற்பனை வர்ற நேரத்துல கையில இடுக்கி இருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"அது ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. அப்ப எனக்கு இலக்கியம் தெரியாது. இடுக்கியை எடு!"

அறுபது கிலோ. மூன்று நாள். பக்கத்து பால்கனியில் ஸ்பாஸ் தன் மிளகாயை முடித்துவிட்டு, பிளம் சாராயக் கோப்பையோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தான். முப்பது வருஷப் பழக்கம், இரண்டடி இடைவெளி.

"என்னப்பா ராதோய், இந்த வருஷம் பெரியப்பா சாகலையா?"

"உன் வேலையைப் பாரு. நான் ஆராய்ச்சியில இருக்கேன்."

"எதைப் பத்தி?"

"ஒரு கேப்டனைப் பத்தி."

"கேப்டன் மிளகாய்த் தோலு உரிக்கறாரா?"

"உரிக்கறார். உள்ளுக்குள்ள அழறார்."

"வெளியேயும்தான் அழறாரு. மூக்கைத் துடை."

தமிழில் கதையில் வருகிறவனுக்கும் பாத்திரம் என்றுதான் பெயர், தொட்டியில் கிடப்பதற்கும் பாத்திரம் என்றுதான் பெயர். இந்த வசதி ராதோயின் மொழியில் இல்லை. இருந்தும் அக்டோபரில் அவர் இரண்டையும் ஒன்றாகவே பாவித்தார். பாத்திரம் பளிச்சென்று வர வேண்டுமென்று ராத்திரி சாப்பாடு ஆனதும் தேய்க்கத் தொடங்கினார். ஜன்னல்களைத் துடைத்தார். கம்பளங்களை முற்றத்துக் கம்பியில் போட்டு அடித்தார். மாமியாரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று தெரியாமல் ஒருவன் குணம் முழுமை பெறுமா? கிராமத்துக்கு பஸ் ஏறிப் போய், மாமியாருக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய ஓக் விறகு முழுவதையும் பிளந்து அடுக்கிவிட்டு வந்தார். கிழவி பயந்துபோய் மகளுக்கு ஃபோன் போட்டு, "மாப்பிள்ளைக்கு டாக்டர் ஏதாவது சொல்லியிருக்காரா? எங்கிட்ட மறைக்காதே" என்று அழுதாள்.

இந்த நாட்களில் நெதெல்கா பெரும்பாலும் சமையலறை மேஜையில் பென்சிலும் கையுமாக இருந்தாள்.

"என்ன எழுதறே?"

"அக்காவுக்குக் கடிதம்."

"தினமுமா?"

"நம்ம வீட்டுல என்ன நடக்குதுன்னு அவளுக்கு ரொம்ப ஆர்வம்."

ராதோய்க்குப் பெருமையாக இருந்தது. புகழ் அக்கா இருக்கும் பிளெவன் நகரம் வரை போய்விட்டது பார்!

நவம்பர் கடைசியில் நாவலைக் கொண்டுபோய்ப் படிப்பகத்தில் கொடுத்தார். கேப்டன் இப்போது ஆற்றில் குதிப்பதில்லை. துணிக்கு இஸ்திரி போடுகிறான். கடைசி அத்தியாயத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே போர்வையை நாலாக மடிக்கிற இடத்தை எழுதியபோது ராதோய் தேம்பித் தேம்பி அழுதார்.

டிசம்பர் மத்தியில் பரிசளிப்பு. கூடம் நிறைந்திருந்தது. துறைமுக அலுவலகத்திலிருந்து ஆறு பேரை ராதோயே அழைத்திருந்தார். மூன்றாம் வரிசையில் ஸ்பாஸ் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நடுவர் குழுத் தலைவி திருமதி பெத்கானோவா. ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியை. ஊரில் பாதிப் பேரை ஃபெயில் ஆக்கியவர்.

"கேப்டன் வீஹ்ரென்," என்று தாளைப் புரட்டினார் அவர். "நடை பரவாயில்லை. ஆனா கதாநாயகன்? பெண்டாட்டிக்குத் தினமும் காபி போடறான். மிளகாய் சுடறான். மாமியாருக்கு விறகு பிளக்கறான். அதுவும் பாடிக்கிட்டே! நான் மூணு கல்யாணம் பண்ணினவ. சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு ஆம்பளையை நம்பவே முடியலை."

கூடம் கொல்லென்று சிரித்தது. ராதோய் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு வரியும் கை சுட்டு எழுதியது! விரலில் இன்னும் கொப்புளத் தழும்பு இருக்கிறது!

"இப்ப 'ஆராய்ச்சி'ன்னு ஒரு கதை. ஒரு பக்கம் படிக்கறேன். எழுதினவங்க யாருன்னு அப்புறம் சொல்றேன்."

ஒரு மனுஷன். வீட்டு வேலைக்குப் பயந்து எழுத்தாளன் வேஷம் போடுகிறான். மனைவி அவனோடு சண்டை போடாமல், ஒவ்வொரு சந்தேகமாகக் கேட்டு, வீட்டு வேலை மொத்தத்தையும் அவன் தலையில் கட்டுகிறாள். இரண்டாவது பத்தியிலேயே கூடம் குலுங்கியது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் ராதோய். சொந்தத் துக்கம்கூட மறந்துவிட்டது. மனைவியின் விலாவில் இடித்தார்.

"எப்பேர்ப்பட்ட அசடு பாரு நெதெல்கா!"

"ஆமா," என்றாள் அவள், மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டு.

திருமதி பெத்கானோவா தொடர்ந்து படித்தார்: "'...செத்துப்போன பெரியப்பா ஈஸ்டர் முட்டையோடு வந்து நின்றார்.'"

ராதோயின் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் மூட மறந்து திறந்தே இருந்தது. மூன்றாம் வரிசையில் ஸ்பாஸ் நாற்காலியோடு சரிந்து விழுந்தான்.

"எழுதினவங்க, நெதெல்கா. செருப்புக் கடையில வேலை பார்க்கறாங்க. இந்தப் புருஷன் அப்படியே உயிரோட நடமாடறான். முதல் பரிசு குடுக்கலாம்னு எங்க மூணு பேர்ல ரெண்டு பேருக்குச் சம்மதம். மூணாவது நடுவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். மூணு மாசம் ஒரு மனுஷன் துளிகூடச் சந்தேகப்படாம ஏமாறுவானா? இது ரொம்ப மிகையா இருக்குங்கறார். எழுதினவங்க பதில் சொன்னா முடிவு பண்ணிடலாம்."

நெதெல்கா எழுந்தாள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் காலடியில் குனிந்து உட்கார்ந்தவள். இத்தனை பேர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் சிவந்துபோய் உட்கார்ந்திருந்த கணவனை ஒரு முறை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"தெரியலைங்க," என்றாள் மெல்ல. "ஒருவேளை... மிகையாத்தான் இருக்கும்."

உட்காரப் போனாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்த அவள் நடுவிரலில் பென்சில் அழுத்திக் காய்த்திருந்த இடம் ராதோயின் கண்ணில் பட்டது. மூன்று மாசமாகத் தினமும் அவரிடம் காபிக் கோப்பையை வாங்கிய கை. அதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

ராதோய் எழுந்து நின்றார். துறைமுக அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மிகை இல்லைங்க," என்றார். "ஏமாறுவான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மூன்றாவது நடுவர்.

"அறுபது கிலோ. நானே சுட்டேன்."

கூடத்தில் எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சந்தேகப்பட்ட நடுவரே முதலில் கை தட்டினார். முதல் பரிசு நெதெல்காவுக்கு. அட்டையில் அவள் பேர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ராதோய் பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

"கோவமா?"

"இல்ல."

"கோவம்தான்."

"பெரியப்பா விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம்."

"அது இல்லாம ஆளு உயிரோட வரலை, ராதோய்."

அவர் கொஞ்சம் மெதுவாக நடந்தார். நெதெல்கா எட்டி வந்து கையைக் கோத்துக்கொண்டாள்.

"அத்தனை பேர் முன்னாடியும் எந்திரிச்சு நின்னே பாரு. அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, உன்னைப் பாதிதான் எழுதியிருக்கேன்னு."

ராதோயின் மார்பு ஓவர்கோட்டுப் பட்டனை முட்டியது. "மீதிப் பாதி?"

"அடுத்த கதையில எழுதப் போறேன். தங்கமான மனுஷன். வசந்த காலம் வந்ததும் யாரும் கேக்காமலே வீடு முழுக்க பெயிண்ட் அடிக்கறான். ஆனா அதை எப்படி எழுதறதுன்னுதான் யோசிக்கறேன். நான் கண்ணால பாத்ததே இல்லையே."

இப்போது ராதோய்க்கு எல்லா வித்தையும் அத்துப்படி. எங்கே வலை விரிக்கிறாள், எங்கே இழுக்கிறாள், எல்லாம் தெரியும். முதல் பரிசு வாங்கிய வலை. விளக்குக் கம்பத்தடியில் வந்ததும் நின்றார்.

"என்ன கலர்?" என்று கேட்டார்.