உங்க இஷ்டம்தான் என்கிற வீட்டுக்காரர்

"எல்லாம் உங்க இஷ்டம்" என்கிற வீட்டுக்காரர் மனிதர்களில் ஒரு தனி ரகம். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். நான் அவரிடம் வேலையே பார்த்திருக்கிறேன். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்வது என் தொழில். முதல் நாள் காபியையும் முழுச் சுதந்திரத்தையும் சேர்த்தே கொடுப்பார். மறுநாளிலிருந்து சுதந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். காபியை மட்டும் விட்டுவிடுவார்.

அப்படி ஒருவர், நான்காவது மாடியில் வீடு வாங்கியவர், தன் ஹால் எழுபது வருஷத்துக்கு முந்தைய பாணியில் இருக்க வேண்டும் என்றார். சரிந்த மெல்லிய கால்கள், தரையை ஒட்டிய சோபா, தேக்கு நிறம், கடுகு மஞ்சள் மெத்தை. நல்ல பாணிதான், எனக்கும் பிடிக்கும். இவருக்கோ பேய் பிடித்த மாதிரி பிடித்துவிட்டது. ஒரு நாளைக்கு ஏழு படம் போனில் அனுப்புவார். நான் வரைந்ததைப் பார்த்துப் பிரமாதம் என்பார். ஒரே ஒரு சின்ன மாற்றம் என்பார். அந்தச் சின்ன மாற்றத்தில் ஒரு சுவர் இடிபடும். நான் முகம் சுளித்தால், நீங்கள்தான் விஷயம் தெரிந்தவர், உங்கள் இஷ்டம் என்று சுத்தியலை என் கையிலேயே கொடுப்பார்.

வீட்டம்மா பள்ளிக்கூட ஆசிரியை. முழங்கால் வலி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்திருக்கிற உயரத்தில் ஓர் இருக்கை. குறித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரரே எனக்கு உத்தரவு போட்டார். பதினெட்டு அங்குலம் என்று குறித்துக்கொண்டேன்.

சோபா செய்யுமுன் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்துப் பார்ப்பது என் வழக்கம். வீட்டுக்காரர் வரிசை வரிசையாகச் செங்கலை உருவினார். படத்தில் இருக்கிற லட்சணம் வரவில்லையாம். பதினெட்டு பதினைந்தாயிற்று, பதினைந்து பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டில் வீட்டம்மா உட்கார்ந்து பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"எழுந்திருக்கணும்னு என்ன அவசரம்?" என்றார் வீட்டுக்காரர், தான் உட்கார்ந்து பார்க்காமலே.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பன்னிரண்டு என்று திருத்தி எழுதிக்கொண்டேன். முடிந்த ஹாலைப் படம் எடுத்து, அது நன்றாக வந்தால் எனக்கும் பேர் கிடைக்குமே.

வேலை முடிந்தது. வீட்டம்மா சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்தினார். ஹாலைப் படம் எடுக்க நான் கேமராவோடு போன அன்று அந்த நாற்காலியையும் காணோம். சமையலறையும் படத்தில் விழுமே என்று வீட்டுக்காரர் அதைப் பால்கனிக்கு நாடு கடத்தியிருந்தார். பிறகு சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, முதல் முறையாக அதில் முழுசாக உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து வீட்டம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்தார். சமையலறைக்குள் போய், போன வேகத்தில் திரும்பினார்.

"நாள் பூரா நின்னுட்டு வரேன். என் நாற்காலி எங்கே?"

சமாதானம் சொல்ல வீட்டுக்காரர் எழுந்தார். எழுந்தார் என்றா சொன்னேன்? முயன்றார். ஒரு முறை முன்னால் ஆடினார், மறுமுறை பக்கவாட்டில் உருண்டார், மூன்றாம் முறை கையை நீட்டினார். வீட்டம்மா கை கொடுக்கவில்லை. பால்கனியிலிருந்து நாற்காலியை எடுத்து வந்து, ஹால் நடுவில், என் கேமராவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

"எழுந்திருக்கணும்னு என்ன அவசரம்?" என்றார்.

கடைசியில் வீட்டுக்காரரைத் தூக்கிவிட்டது நான்தான். மறுநாள் போன் வந்தது. சோபாவுக்கு ஆறு அங்குலம் உயரமான கால் மாட்ட வேண்டுமாம். கால் எப்படி இருக்கட்டும் என்று கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றார். இந்த முறை நிஜமாகவே.

அந்த மாதிரி ஆள் நான் இல்லை என்கிறீர்களா? இருக்கலாம். இதை எந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு படித்தீர்கள்? வீட்டில் மற்றவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.